ஈரப்புடவையில் எழுதிய பரீட்சை

சங்குச் சத்தம் கேட்டபோது நான் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து ஹால் டிக்கெட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தும் இருந்தன. ஐந்து போட்டோக்களிலும் ஐந்து பெண்கள் கேமராக்காரரைக் கடித்துவிடுவதுபோல முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

காலை ஏழு மணி தாண்டியிருக்கும். ஊருக்குள் வேன் நுழையாது, எல்லாம் மணல். சவுக்குத் தோப்பை ஒட்டித் தார் ரோடு முடிகிற இடத்தில்தான் எப்போதும் காத்திருப்போம். அன்றைக்குக் கடைசிப் பரீட்சை. எட்டாம் வகுப்பு, தனித்தேர்வர், அறிவியல். சிதம்பரத்தில் பத்து மணிக்கு ஆரம்பம்.

முதலில் நீளமாக ஓர் ஊதல். பிறகு சேகண்டி. மறுபடி ஊதல். வேன் ஓட்டி வந்த பரங்கிப்பேட்டை பாய் வாய்க்குள்ளேயே "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தினார்.

"யாரோ மவுத்தாயிட்டாங்க சிஸ்டர், சாவுச் சங்கு," என்றார்.

ஐந்து பேரும் அப்போதுதான் தோப்பு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். பரீட்சைக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல புடவை, தலையில் கனகாம்பரம், கையில் பேனாவும் ஸ்கேலும் போட்ட பிளாஸ்டிக் கவர். சங்கு ஊதியதும் அப்படியே நின்றார்கள். அஞ்சலைதான் முதலில் தலையிலிருந்த பூவை எடுத்தாள். மற்ற நால்வரும் எடுத்தார்கள். பூவை ஒரு சவுக்கு மரத்தடியில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள்.

"ஏய், எங்க போறீங்க?" என்று வேனிலிருந்து குதித்துக் கத்தினேன்.

அஞ்சலை மட்டும் நின்று சொன்னாள்: "நீங்க வூட்டுக்குப் போங்க சிஸ்டர். இன்னிக்கு ஊர வுட்டு யாரும் போவக் கூடாது."

எனக்கு அப்போது வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

எந்த சபை சிஸ்டர்?

மஞ்சக்குப்பம் மைதானத்தில் நான் சைக்கிள் கற்றுக்கொண்டு விழுந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுப் பண்ருட்டி வாசகி ஒருவர், எல்லாரும் என்னை சிஸ்டர் என்கிறார்களே, நான் எந்த சபையைச் சேர்ந்தவள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கன்னியர் மடத்தில் நான் கழித்த மொத்த நேரம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஹாஸ்டலில் இடம் கேட்டுப் போன ஒரு மத்தியானம்தான்.

பெயர் ஒட்டிக்கொண்டது இப்படி. சுனாமி வந்துபோய் மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்களைத் திரும்பப் படிக்க வைக்கிற திட்டம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. கடலூர் முதுநகரில் எங்கள் பங்குக் கோயில் தெருவில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு மீனவ ஊரை எனக்கு ஒதுக்கினார்கள். முதல் நாள் வெளிர்நீலப் புடவை கட்டி, கழுத்தில் சிலுவையோடு போய் நின்றேன். சுனாமி சமயத்தில் அங்கே சோறு ஆக்கிப்போட்ட கன்னியாஸ்திரிகளில் ஒருத்தி என்று நினைத்து, "வாங்க சிஸ்டர்" என்றார்கள்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. மறுநாள் அந்த ஐந்து பேரில் ஒருத்தியான பூங்காவனம் என்னைத் தனியாக ஓரங்கட்டி, "அவுரு யாரு சிஸ்டர்? சொல்லக் கூடாதுன்னா வேணாம்," என்றாள். கணவர் என்று சொன்னேன். ரொம்ப நிம்மதிப்பட்டாள். கூப்பிடும் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

படகு தெரிகிற வரைக்கும் பாடம்

படிக்க வாருங்கள் என்று கூப்பிடுவது சுலபம். நான் கூப்பிடாத விதம் இல்லை. நோட்டீஸ் ஒட்டினேன். பாட்டுப் பாடுகிறவர்களை அழைத்து வந்தேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாயங்கால வகுப்புக்குக் கோயில் பக்கத்துக் கொட்டகையைக் கேட்டு வாங்கி, பாய் விரித்து, கரும்பலகை மாட்டிக் காத்திருந்தேன். ஒரு வாரம் முழுக்க எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தது ஒரு வெள்ளாட்டுக் குட்டி.

அப்புறம்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன். சாயங்காலம் அவர்களுக்குச் சோறு ஆக்கவும் தண்ணீர் பிடிக்கவுமே போதாது. ஆனால் விடிந்ததும் எல்லாப் பெண்களும் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். படகு வரவேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு இருப்பார்கள். அந்த நேரம் சும்மா கிடந்தது.

மறுநாள் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு கரைக்கே போனேன். "நீங்க பேசுங்க, நான் பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தேன். இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் பூங்காவனம், "நான் அஞ்சாவது வரிக்கும் போயிருக்கேன் சிஸ்டர், அத என்னாலயே படிக்க முடியிது," என்று ஆச்சரியமாகச் சொன்னாள். அவளைப்போல ஐந்தாவது வரைக்கும் ஆறாவது வரைக்கும் போய் நின்றவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். படித்தது எல்லாம் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்கள். எழுத்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தொலைந்துபோன நகை கிடைத்த மாதிரி இருந்தது.

அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். பாலிதீன் கவருக்குள் புத்தகம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிக் காய்ந்த மீன் செதில். தூரத்தில் படகு தெரிந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே வகுப்பு கலைந்துவிடும். ஒருமுறை ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன். "தாவரங்கள் சூரிய ஒளியில்" என்று சொல்லி நிமிர்ந்தால் என் எதிரே ஒரு ஆள் இல்லை. மீதி வாக்கியத்தை மறுநாள்தான் முடித்தேன்.

அவர்களில் அஞ்சலைக்குத்தான் அவசரம் இருந்தது. முப்பதுகளின் கடைசியில் இருந்தாள். வீட்டுக்காரர் கேரளாவில் ஏதோ ஒரு படகில் வேலை பார்த்தார். வருவார், போவார். இரண்டு பெண் பிள்ளைகளையும் அவள் தலைக்கூடைதான் வளர்த்தது. அந்த வருடம் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனி தலையில் பாரம் ஏற்றினால் கை விளங்காமல் போய்விடும் என்று கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊரில் புதிதாக அங்கன்வாடி கட்டியிருந்தார்கள். ஆயா வேலைக்கு எட்டாவது தேறியவர்களைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. அடுத்த வருடம் என்றால் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

"எனக்கு இந்த ஒரு தபா தான் சிஸ்டர்," என்பாள். பாடம் நடத்தும்போது கழுத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே எழுதுவாள்.

காசாம்பு அக்காவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பது வயதுக்காரர். கரையில் அவர் குரல் எழும்பினால் ஏலம் விடுகிறவரே கொஞ்சம் நிறுத்துவார். வகுப்புக்கு ஒரு வாரம் வந்தார். எழுத்துக்கூட்டித் தன் பெயரை ஒரு பலகை முழுக்க எழுதினார். அதற்குள் அவர் கணவர் தேசிங்குக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. படுக்கையோடு கிடந்த மனிதரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மிச்ச நேரத்தில் மீன் விற்று, காசாம்பு அக்கா கரையில் உட்காருவதே நின்றுபோனது. நான் போய்க் கூப்பிட்டபோது, "எனக்குக் குடுத்து வெச்சது ஒரு வாரம். அவுளுங்களப் பாத்துக்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தார்.

பங்கு

பரீட்சைக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஐந்து பேர். ஒரு மாதம் முன்னால் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். அதில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வித்தாள் கொடுத்தேன். நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பூங்காவனம் தன் தாளை முடித்தாள். எழுந்தாள். ஒளிவு மறைவே இல்லாமல், என் கண்ணெதிரே நடந்து போய், அதை அஞ்சலையின் மடியில் வைத்தாள். அஞ்சலை தனக்குத் தெரிந்த இரண்டு விடையைக் கிழித்து இன்னொருத்தியிடம் நீட்டினாள்.

"அடிப்பாவிகளா, இதுக்குப் பேரு காப்பி. வெளியே அனுப்பிடுவாங்க," என்று கத்தினேன்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையில் பயமில்லை. எனக்கு என்ன ஆகிவிட்டது என்கிற கவலைதான் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சிது, அதுக்குத் தெரியல. குடுத்தேன். இதுல என்னா தப்பு?" என்றாள் பூங்காவனம். "நம்ம படகுல மீன் பட்டு, பக்கத்துப் படகு வெறுமனே வந்தா, கொழம்புக்கு நாலு மீனு குடுக்காம வூட்டுக்குப் போவமா?"

அங்கே அப்படித்தான். பிடித்த மீன் பங்காகத்தான் பிரியும். படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. கடலுக்குப் போக முடியாதவர் வீட்டுக்கும் ஏதாவது போய்ச் சேரும். தனக்குக் கிடைத்ததைக் கையால் மறைத்துக்கொண்டு உட்காருவதுதான் அவர்களுக்குத் தெரிந்த பெரிய அசிங்கம். பரீட்சை ஹாலில் அந்த அசிங்கத்தைத்தான் செய்யவேண்டும் என்று நான் அரை நாள் பாடுபட்டு விளக்கினேன்.

கேட்டுவிட்டு அஞ்சலை யோசித்தாள். "அப்ப உள்ள போவறதுக்கு முன்னாடியே பங்கு போட்டுடணும்," என்றாள்.

மறுநாள் வந்து பார்த்தால் பாடங்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆளுக்குச் சில பாடம். அவரவர் பாடத்தை அவரவர் கரைத்துக் குடித்து, மற்ற நால்வருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒருத்தி சொதப்பினால் ஐந்து பேருக்கும் அந்தப் பாடம் போச்சு. கூடை தூக்கி நடக்கும்போது வழியெல்லாம் பாடம் ஓடியது. பஸ்ஸில் ஒருத்தி கேட்க இன்னொருத்தி பதில் சொன்னாள். நான் ஒரு மாதத்தில் நடத்தியிருக்க முடியாததை அவர்கள் பத்துப் பதினைந்து நாளில் முடித்தார்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதுதான் என் பங்கு.

கடலே நிற்கிற நாள்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

இறந்தது தேசிங்கு. காசாம்பு அக்காவின் கணவர். விடியற்காலைக்குப் பிறகு உயிர் பிரிந்திருந்தது.

அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்குத் தொழில் கிடையாது. ஒரு படகும் இறங்காது. வலையைத் தொட மாட்டார்கள், மீன் கூடை வெளியே போகாது. பிணம் எடுக்கும்வரை எந்த வீட்டு அடுப்பும் எரியாது. பிள்ளைகளுக்கு மட்டும் பக்கத்து ஊரிலிருந்து இட்லி வரும். மீறினால் பஞ்சாயத்தில் தெண்டம் உண்டு. ஆனால் தெண்டத்துக்குப் பயந்து யாரும் நின்றதாக நான் பார்க்கவில்லை. நிற்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி.

நான் மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். பஞ்சாயத்தார் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். பெண்கள் அந்த மண்டபத்தில் ஏறுவதில்லை. கீழேயே நின்று தலைவரைக் கூப்பிட்டேன். அவர் இறங்கி வந்தார். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார்.

"தலைவரே, இன்னிக்கு அவங்களுக்குக் கடைசிப் பரீட்சை," என்றேன்.

"தெரியும்மா. நாளைக்கு வெச்சிக்கச் சொல்லு," என்றார்.

"நாளைக்கெல்லாம் வைக்க மாட்டாங்க. கவர்மெண்ட் பரீட்சை."

"ஊர்ல சாவுன்னு எடுத்துச் சொல்லும்மா."

"சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க தலைவரே."

அவர் என்னை நம்பவில்லை. பக்கத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கடலே இன்னிக்கி நிக்கிது. ஒரு பரீட்சை நிக்காதா? கவர்மெண்ட்ல யாரும் சாவ மாட்டாங்களா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்றைக்கு எழுதாவிட்டால் அந்தப் பாடம் போச்சு, தேர்ச்சி போச்சு, அஞ்சலைக்கு அங்கன்வாடி போச்சு என்று மடமடவென்று சொல்லித் தீர்த்தேன். அவர் முகம் வாடியது. ஆனாலும், "பொணத்தப் போட்டுட்டு எப்பிடிம்மா?" என்றார்.

இதற்குள் அந்த ஐந்து பேரும் சாவு வீட்டில் இருந்தார்கள். தேசிங்கின் கால்மாட்டில் உட்கார்ந்து, மற்ற பெண்களோடு தோள்மேல் கைபோட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அஞ்சலை ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. கட்டியிருந்த நல்ல புடவையின் முந்தானை மணலில் கிடந்தது. நான் வேலி ஓரமாக நின்றேன். மணி எட்டரையாகப் போகிறது என்று பக்கத்திலிருந்த ஒருத்தியிடம் தாழ்ந்த குரலில் புலம்பினேன் என்று நினைக்கிறேன். அது எப்படிக் காசாம்பு அக்கா காதுக்குப் போனது என்று தெரியவில்லை.

அழுகை சட்டென்று அடங்கியது. காசாம்பு அக்கா எழுந்தார். தலைமுடி அவிழ்ந்து இடுப்பு வரை கிடந்தது. புருஷனை இழந்தவர் பிணத்தை விட்டு எழுந்து வாசலுக்கு வருவது வழக்கம் இல்லை. பெண்கள் பிடித்து இழுத்தார்கள். கையை உதறிவிட்டு நேராகக் கோயில் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஊரில் பாதியும் போனது.

மண்டபத்துக்குக் கீழே நின்று தலைவரைக் கேட்டார்: "மாமா, படகு எதுனா வெளிய இருக்கா?"

"ராவுக்குப் போனது மூணு இருக்கும்மா," என்றார் தலைவர்.

"அதத் திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினியா?"

"அது எப்பிடி? சாவுக்கு முன்னாடியே எறங்கின படகாச்சே. அதும்பாட்டுக்கு முடிச்சிக்கினு வரட்டும்."

"அப்ப இந்த அஞ்சுக்கும் அதான் ஞாயம்," என்றார் காசாம்பு அக்கா. "மொத நாளு பரீட்சைக்கிப் போனாளுங்களே, அன்னிக்கே படகு எறங்கிடுச்சி. நாலு நாளா நடுக்கடல்ல கெடக்குறாளுங்க. கர தெரியிற நேரத்துல எம் புருசன் செத்துட்டாருன்னு திரும்பச் சொல்லுவியா?"

சாவு வீட்டின் கட்டுப்பாட்டை நான் வெளியிலிருந்து முட்டி முட்டிப் பார்த்தேன். அந்த அம்மா அதற்கு உள்ளேயே இருந்த கதவைத் திறந்துவிட்டார், அதுவும் கணவர் உடம்பில் சூடு ஆறாத நேரத்தில்.

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிதான். எறங்கின படகு எறங்கினதுதான். போயிட்டு வரட்டும்," என்றார்.

வெள்ளாற்றைத் தாண்டி

பிணத்தைத் தொட்டு அழுதவர்கள் தலை முழுகாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. அடிபம்புக்கு ஓடினார்கள். ஒருத்தி அடிக்க, ஒருத்தி மாற்றி ஒருத்தி உச்சந்தலையில் குடத்தோடு கவிழ்த்துக்கொண்டார்கள். மாற்றுப் புடவை எடுக்க நேரமில்லை. சொட்டச் சொட்ட வந்து வேனில் ஏறினார்கள். ஹால் டிக்கெட்டுகளை நான் என் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். அந்த ஐந்து காகிதம் நனையக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் மூளையில் இருந்தது.

பாய் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தை அவர் வீட்டுக்காரம்மா பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார். வெள்ளாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தபோது ஐந்து பேரும் கிடுகிடுவென நடுங்கினார்கள். பற்கள் தந்தியடிக்க, பூங்காவனம் ஆரம்பித்தாள். "ஒலி எப்பிடிப் பரவுது?" யாரோ ஒருத்தி பதில் சொன்னாள். அழுகையும் பதிலும் மாறி மாறி வந்தன. தேசிங்கு தனக்குச் சின்ன வயதில் நீச்சல் கற்றுக் கொடுத்ததைச் சொல்லி ஒருத்தி விம்முவாள். மூக்கைச் சிந்திவிட்டு, செல்லின் பாகங்களைச் சொல்லுவாள்.

சிதம்பரத்தில் கோபுரம் தெரிந்தபோது பத்து அடித்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த ஆசிரியை ஒருவர் ஈரத்தில் ஒட்டிய புடவைகளையும் சிவந்த கண்களையும் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"சாவு டீச்சர். தல முழுவிட்டு வந்தோம்," என்றாள் அஞ்சலை.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு, "மெதுவா போங்க, வழுக்கிடப் போவுது," என்றார். ஐந்து பேரும் வராந்தாவில் நடந்து போனார்கள். சிமெண்ட் தரையில் ஐந்து தண்ணீர்க் கோடு. வெயில் ஏறி அது காயும்வரை அதையே பார்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஹாலுக்குள்ளே தாளில் சொட்டு விழாமல் இருக்கக் கையை மேசையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார்களாம். பூங்காவனம் சொன்னாள்.

பரீட்சை முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களை இழுத்தடிக்க எனக்கு விருப்பமில்லை. அஞ்சலை தேறினாள். அந்த வருடமே அங்கன்வாடி வேலையும் கிடைத்தது. கழுத்து வலி இன்னும் இருக்கிறது, கூடை இல்லை. இன்னும் மூன்று பேர் தேறினார்கள். பூங்காவனம் கணக்கில் போய், மறு வருடம் எழுதித் தேறினாள். இதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த வாரம் பேனாவை எடுத்தது இதைச் சொல்ல அல்ல.

சவுக்குத் தோப்பு முனையில்

வெளியே வந்ததும் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒருத்தியும் வரவில்லை. ஊரில் அடுப்பு எரியாதபோது எப்படி என்றார்கள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புடவை உடம்பிலேயே காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"இந்நேரம் எடுத்திருப்பாங்க," என்றாள் பூங்காவனம் வேனில். தேசிங்கின் மகள் தாழங்குடாவில் கட்டிக்கொடுத்தவள், பத்து பதினொரு மணிக்கே வந்திருப்பாள். வேறு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல வெயில் வேறு. அஞ்சலை வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். "சித்தப்பாவுக்கு ஒரு கை வாய்க்கரிசி போடல நான்," என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். பரீட்சை எழுதிய சந்தோஷம் ஒருத்தி முகத்திலும் இல்லை. அவர்களை நான்தான் இப்படி ஆக்கிவிட்டேனோ என்று நினைத்தேன்.

தோப்பைத் திரும்பியதும் பாய் பிரேக் போட்டார்.

ஊர் முழுக்க ரோட்டு முனையில் நின்றது. ஆண்கள் சட்டை இல்லாமல், துண்டு கட்டி, சவுக்கு நிழலில் வரிசையாக நின்றார்கள். பெண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மேளக்காரர்கள் மேளத்தைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நடுவே பூப்பாடை. தேசிங்கைக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, எல்லாம் முடித்து அதில் கிடத்தியிருந்தார்கள். மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் பாரைக் கொண்டுவந்து சுற்றிலும் அடுக்கியிருந்தார்கள். அது உருகி மணலில் ஓடி, அதையும் வெயில் குடித்துவிட்டிருந்தது. மணி மூன்று இருக்கும். காலையிலிருந்து அத்தனை பேரும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றிருந்தார்கள்.

அஞ்சலை வேன் படியிலேயே நின்றுவிட்டாள். "ஏன் இன்னும் எடுக்கல?" என்று கேட்டாள்.

தலைவர் முன்னால் வந்தார்.

"படகு வெளிய இருக்கச்சே எடுக்கற வழக்கம் ஏதும்மா நமக்கு?" என்றார். "அந்த மூணும் பன்னண்டு மணிக்கே வந்து சேந்துடுச்சி. நீங்க அஞ்சு பேருதான் பாக்கி."

எனக்கு அந்த வழக்கத்தின் பின்பாதி அதுவரை தெரியாது. அவர்களுக்குத் தெரியும். தங்களுக்கும் அது பொருந்தும் என்று அந்த ஐந்து பேரில் ஒருத்திகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பட்டமளிப்பு விழா பார்த்திருக்கிறேன், கவர்னர் வந்த விழாகூட. அப்படி ஒரு மரியாதையை எங்கேயும் கண்டதில்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் தாள் எழுதப் போன ஐந்து பெண்களுக்காக, பிணத்தை வைத்துக்கொண்டு, வயிறு காய ஒரு ஊரே நின்றது.

ஐந்து பேரும் இறங்கிப் போய் வாய்க்கரிசி போட்டார்கள். காசாம்பு அக்கா பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எல்லாத்தியும் எழுதினியாடி?"

"எழுதினேன் சித்தி. ஒரே ஒரு கேள்வி தெரியல. வுட்டுட்டேன்."

"ஒண்ணுதான? போவட்டும்," என்றார். பிறகு தன் புருஷன் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டு, ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் கர சேந்தாச்சி. எடுங்க."